ஆயுத பூஜை லீவில் அப்பாவின் கம்ப்யூட்டரைத் தொட்டேன்!

எங்கள் கடையில் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு ஜெராக்ஸ் மெஷினுக்கு. இரண்டாவது பொட்டு கம்ப்யூட்டருக்கு. மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் ஒரு கதம்பத் துண்டைப் போடுவார் அப்பா. அன்றைக்கு மெஷினை ஆன் செய்யக் கூடாது. அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டுமாம்.

2023 அக்டோபர் 23 அன்று அந்த ஓய்வைக் கெடுத்தவள் நான்தான்.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க் வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நீளமான லீவு அது. சனி, ஞாயிறு, ஆயுத பூஜை, விஜயதசமி என்று நான்கு நாள். சாத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அப்பாவின் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம். அப்பாவின் தனித் தொழில், மனு டைப் செய்து கொடுப்பது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிற பாதிப் பேர் ஞாயிறு மாலை எங்கள் கடைக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டது நான். இதழியல் டிப்ளமோ படித்த காலத்தில், பழைய மெஷின் திணறுகிறது என்று அப்பா புலம்பியபோது போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் என்னைத் திட்டினார். மூன்றாவது மாதம் அதைத் தவிர வேறு எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. திரையில் அவர் பார்ப்பது க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல். ஜன்னல்கள், மெனு, மேல்பட்டை, செட்டிங்ஸ் என்று நம் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே அதன் வேலை. அதற்கு மேல் அப்பாவுக்காக நான் சில எக்ஸ்டென்ஷன்கள் சேர்த்திருந்தேன். கீழே எப்போதும் தெரியும் ஐகான் வரிசை ஒன்று. திரையிலேயே ஃபோல்டர்கள் தெரிய இன்னொன்று. அப்பா ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுத் திரையில் வைத்திருப்பார். ‘மாரியம்மாள் பட்டா’, ‘செல்வம் வாரிசு சான்று’ என்று எழுபதுக்கு மேல் இருக்கும்.

அந்தச் செப்டம்பர் 20-ம் தேதி க்னோம் 45 வெளியாகியிருந்தது. வீடியோவில் பார்த்தேன். அவ்வளவு வழவழப்பு! என் அப்பாவிடம் இருந்ததோ பழைய பதிப்பு. அவர் பயன்படுத்தும் இயங்குதளத்தின் நிலையான வரிசைக்குப் புதியது இன்னும் வரவில்லை. ‘ஏன் காத்திருக்க வேண்டும்?’ என்று தோன்றியது. பூஜை முடிந்த ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த இயங்குதளத்தின் சோதனை வரிசைக்குக் கம்ப்யூட்டரை மாற்றி, புதிய க்னோமை இறக்க ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்குப் புதுச் சட்டை!

இடையில் கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ‘இதையெல்லாம் நிறுவப்போகிறேன், இதையெல்லாம் நீக்கப்போகிறேன், சம்மதமா?’ என்று நீளமாக ஒரு பட்டியல். நான் படிக்கவில்லை. ‘ஒய்’ தட்டினேன். எந்தச் செய்தியையும் கடைசி வரிவரை படித்துப் பார்க்கச் சம்பளம் வாங்குபவள் நான்!

புதன்கிழமை காலை கடை திறந்தது. ஒன்பதே காலுக்கு அப்பாவிடமிருந்து போன்.

“பாப்பா, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல.”

ஓடினேன். உண்மையில் எல்லாம் இருந்தது, எதுவும் தெரியவில்லை. எழுபது ஃபோல்டரும் திரையில் இல்லை. கீழே ஐகான் வரிசை இல்லை. மேலே இடது மூலையில் ஒரு சொல் இருக்கும், அதைத் தொட்டுத்தான் அப்பா எதையும் தேடுவார். அந்தச் சொல்லும் போய், அங்கே சின்னப் புள்ளிகள் உட்கார்ந்திருந்தன. தமிழ் தட்டச்சு படித்துத் தேறியவர் அப்பா. டைப்ரைட்டர் வரிசையில்தான் அவர் விரல் ஓடும். அந்த விசைப்பலகையைத் தருகிற மென்பொருள் நான் படிக்காத பட்டியலில் இருந்திருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் மென்பொருளும் அதே பட்டியலில்தான்.

கடை வாசலில், முதல் பஸ் பிடித்து வந்த ஓர் அக்கா மூன்று வயதுப் பிள்ளையோடு நின்றிருந்தார். ஒப்பந்த நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, தமிழில் ஒரு கடிதம் டைப் செய்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். “அரை மணி நேரம்க்கா” என்றேன். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி ஆனது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முரண்டு பிடித்தது. பிள்ளைக்கு அப்பா இரண்டு முறை பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், என் முதுகைப் பார்ப்பதும் எனக்குத் திரும்பாமலே தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு அப்பா எழுந்தார். அந்த அக்காவின் சான்றிதழ் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார். தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்.

அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஒரு போர்டு வைத்த தகராறில் இரண்டு வருடமாக அப்பாவும் அந்தக் கடைக்காரரும் பேசிக்கொள்வதில்லை. டீக்கடையில் ஒருவர் இருந்தால் இன்னொருவர் வர மாட்டார்.

ஒன்றரைக்குத் திரும்பி வந்தார். “அந்தப் பிள்ளை அனுப்பிட்டா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்:

“ஏம்மா, நீ ஒண்ணு எழுதுனா, அப்படியேவா போட்டுருவாங்க? நடுவுல யாராச்சும் படிச்சுப் பாப்பாங்கள்ல?”

வெளியானது, வந்து சேர்ந்ததா?

அன்று ராத்திரி எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு, பழைய நிலையான பதிப்பையே மறுபடி போட்டு முடிக்க அதிகாலை மூன்று மணி ஆகிவிட்டது. லீவை இரண்டு நாள் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டெஸ்க்டாப் வெளியான நாளுக்கும் அது நம் கம்ப்யூட்டருக்கு வரும் நாளுக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? என்ன செய்கிறார்கள்?

நான் நினைத்துக்கொண்டிருந்தது போல க்னோம் ஒரே பொருள் அல்ல. 1997-ல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று பல துண்டுகளின் கூட்டு. ஜன்னல்களை நகர்த்துவது ஒரு துண்டு. பட்டன்களையும் பெட்டிகளையும் வரைவது இன்னொன்று. செட்டிங்ஸ் தனி, ஃபைல்களைக் காட்டுவது தனி. வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. வெளியிடுவதற்குச் சில வாரங்கள் முன்பே ‘இனி தோற்றத்தை மாற்றாதே, திரையில் வரும் சொற்களை மாற்றாதே’ என்று கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவகாசம் வேண்டுமே!

ஆனால், க்னோம் குழு தருவது பெரும்பாலும் மூலநிரல்தான். ரெடிமேட் கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். நம் வீட்டு நிலையின் அளவு வேறு, கீல் வேறு, தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், பூட்டுக்குத் துளை மேலே இருக்கும். ஆசாரி வந்து இழைத்து மாட்டினால்தான் அது நம் வீட்டுக் கதவு. லினக்ஸ் உலகத்தில் அந்த ஆசாரிகள்தான் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற இயங்குதளங்களில் இருக்கும் பேக்கேஜ் பராமரிப்பாளர்கள்.

அவர்கள் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. அடியில் இருக்கும் நூலகங்கள் முதலில் வர வேண்டும். ஒரு நூலகம் மாறினால், அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருள்களையும் மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று தயாராகி இன்னொன்று தயாராகாத இடைக்காலம் ஒன்று வரும். அந்த நேரத்தில் புதியதை இறக்கினால், தயாராகாததைக் கம்ப்யூட்டர் கழற்றி வைக்கத்தான் பார்க்கும். அதைத்தான் அது என்னிடம் நாகரிகமாகக் கேட்டது. நான்தான் தலையாட்டினேன்.

எக்ஸ்டென்ஷன்கள் ஏன் மொத்தமாகப் படுத்தன என்பதற்கும் விடை கிடைத்தது. க்னோம் 45-ல், எக்ஸ்டென்ஷன்கள் எழுதப்படும் முறையையே மாற்றியிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டின் பொதுவான முறைக்கு வந்தது நல்ல மாற்றம்தான். ஆனால், பழைய முறையில் எழுதியது ஒன்றுகூடப் புதியதில் ஓடாது. எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். உபுண்டுவில் பக்கவாட்டில் தெரியும் ஐகான் வரிசையும், திரையில் தெரியும் ஃபோல்டர்களும் இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள்தான். க்னோம் 45 வெளியாகி மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 12-ம் தேதி, உபுண்டு 23.10 அதே க்னோமோடு வந்தது. அதில் அந்த வரிசையும் இருந்தது, ஃபோல்டர்களும் இருந்தன. பயன்படுத்துபவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருந்திருக்கும். ஒன்றுமே நடக்காதது போல ஆக்கத்தான் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

காத்திருப்பதும் ஒரு வேலை

சில நேரம் அந்த ஆசாரிகள் ‘இப்போது வேண்டாம்’ என்றும் சொல்வார்கள். 2021 மார்ச்சில் க்னோம் 40 வந்தது. தோற்றமே மாறிப்போன பெரிய பதிப்பு. ஏப்ரலில் ஃபெடோரா 34 அதை எடுத்துக்கொண்டது. அதே ஏப்ரலில் வந்த உபுண்டு 21.04 எடுக்கவில்லை, முந்தைய 3.38-லேயே நின்று, ஆறு மாதம் கழித்து 21.10-ல்தான் புதியதைக் கொடுத்தது. ஒருவருக்கு வேகம் முக்கியம், இன்னொருவருக்குத் தன் வீட்டின் மற்ற சாமான்களோடு அது பொருந்துவது முக்கியம். இரண்டுமே யோசித்து எடுத்த முடிவுதான்.

இன்னும் நிதானம் டெபியன். 1993-ல் இயான் மர்டாக் என்பவர் தொடங்கியது. அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். அங்கே புதிய மென்பொருள் முதலில் ‘நிலையற்றது’ என்ற கிளைக்கு வரும். பெரிய பிழை எதுவும் இல்லாமல் சில நாள் தாக்குப்பிடித்தால் ‘சோதனை’ கிளைக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனைக் கிளையை உறையவைத்து, பிழைகளைக் களைந்து, ‘நிலையானது’ என்று வெளியிடுவார்கள். 2023 ஜூன் 10-ல் வெளியான டெபியன் 12, ஒன்பது வகைக் கம்ப்யூட்டர் கட்டமைப்புகளுக்குத் தயாராக வந்தது. அதில் இருந்தது க்னோம் 43. அது அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் வெளியானது. அடுத்த பதிப்பான டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9-ல் க்னோம் 48-ஐக் கொண்டு வந்தது. நடுவில் வந்த 44 முதல் 47 வரை, நிலையான வரிசையில் இருந்தவர்கள் பார்க்கவே இல்லை. அதனால் அவர்கள் யாருக்கும் காலை ஒன்பதே காலுக்கு மகளைக் கூப்பிட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

டெபியன் தன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படக் கதாபாத்திரங்களின் பெயரை வைக்கிறது. அதில் நிலையற்ற கிளைக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர்: சிட். படத்தில், பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. படித்ததும் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி எங்கள் கடைக்குள் போனது சிட்தான். பாவாடை தாவணி கட்டிய சிட்!

இதையெல்லாம் படித்தபோது எங்கள் டெஸ்க்கும் நினைவுக்கு வந்தது. ஒரு செய்தியை நான் எழுதி முடித்த நேரத்தை ‘முடிந்தது’ என்று நினைப்பேன். அதன் பிறகு உதவி ஆசிரியர் ஒரு தேதியைத் திருத்துவார். வடிவமைப்பவர் சின்னத் திரையில் தலைப்பு உடைவதைப் பார்த்துச் சொல்வார். படத்தில் ஒரு சிறுமியின் முகம் தெரிகிறதே என்று இன்னொருவர் நிறுத்துவார். பெயர் என்னுடையது. படிக்கத் தகுந்ததாக ஆக்கியவர்களின் பெயர் எங்கும் வராது. ‘ஏன் லேட் பண்றாங்க?’ என்று நான் எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன்!

அப்பாவின் பதினான்கு

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஒரு நாள் முழுக்க இந்தக் கம்ப்யூட்டர்ல என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கப்பா.”

சொல்லிக்கொண்டே வந்தார். ஆன் பண்ணியதும் ஃபோல்டர்கள் தெரியணும். ஒரு பட்டனில் தமிழ், அதே பட்டனில் இங்கிலீஷ். டைப்ரைட்டர் கீபோர்டு. ஸ்கேன் செய்ததை 200 கேபிக்குள் சுருக்கணும். ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே தாளில் வரணும். கரன்ட் போய் வந்தால் பாதி டைப் செய்த மனு அப்படியே இருக்கணும். மொத்தம் பதினான்கு. பாதி விஷயம் எனக்கே புதிது. அவ்வளவு நாள் ‘அப்பாவுக்கு என்ன தேவை’ என்று நானாகவே முடிவுசெய்து வைத்திருந்தேன்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் என்னிடம் இன்னும் இருக்கிறது. பேட்டரி போய்விட்டது, ஒயரைச் செருகினால் ஓடும். இப்போதெல்லாம் ஒரு டெஸ்க்டாப்பின் சோதனைப் பதிப்பு வந்தால் அதில்தான் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் அப்பாவின் பதினான்கு. ஒரு முறை ஒரு பெட்டியில் இரண்டு பட்டன்களின் தமிழ்ச் சொற்கள் நீளமாக இருந்ததால் பாதியில் வெட்டுப்பட்டு, இரண்டும் ஒன்று போலவே தெரிந்தன. சேமிப்பது எது, சேமிக்காமல் மூடுவது எது என்றே தெரியவில்லை. அப்பா தவறானதைத் தொட்டால் ஒருவருடைய மனு போய்விடும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, திரையைப் படம் எடுத்து, அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்பினேன். எந்தப் பதிப்பு என்று ஒருவர் கேட்டார், சொன்னேன். அடுத்த சோதனைப் பதிப்பில் இரண்டு சொல்லும் முழுதாகத் தெரிந்தன. நான் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க டெஸ்க்கில் விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.

கடைக் கம்ப்யூட்டருக்கு அடுத்த நிலையான பதிப்பு வந்தபோது, வெளியானதும் ஓடவில்லை. இரண்டு மாதம் விட்டேன். ஒரு ஞாயிறு ராத்திரி, கடைசி மனுவும் பிரிண்ட் ஆகி, கடை மூடிய பிறகு உட்கார்ந்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி. பிறகு மாற்றம். கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியை இந்த முறை கடைசி வரிவரை படித்தேன். பதினான்கையும் ஒவ்வொன்றாக டிக் செய்துவிட்டு, விடியற்காலை பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை முழுக்க போன் வருமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மதியம் வந்தது.

“சாப்டியா பாப்பா?”

“சாப்டேன்ப்பா. கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?”

“ஏன், அதுக்கென்ன?”

அவ்வளவுதான். அவருக்கு எதுவும் தெரியவே இல்லை. என் வேலைக்கு இதுவரை கிடைத்ததிலேயே நல்ல பாராட்டு அதுதான்.

எதிர்க்கடைக்காரரும் அப்பாவும் இப்போது டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த நர்ஸ் அக்காவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு வேறு விண்ணப்பங்கள் போட எங்கள் கடைக்கே வந்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தால் முதலில் கம்ப்யூட்டர் பக்கம்தான் பார்ப்பார்.

ஆயுத பூஜை லீவுக்கு நான் ஊருக்குப் போவது நிற்கவில்லை. மானிட்டருக்குச் சந்தனம் வைக்கும் வேலையை அப்பா இப்போது என்னிடம் விட்டுவிட்டார். ஆனால், கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போது தவறாமல் சொல்வார்:

“பொட்டு மட்டும் வை. வேற எதையும் தொடாத.”